என் கூடையை நல்லது என்றாயே

அன்புள்ள மகனே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அந்தப் பெண்ணை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் உச்சந்தலையில் முகத்தை வைத்தேனே, அவளைப் பெற்றவள்கூட “இப்படி ஒரு மாமியாரா” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே, அது பாசம் இல்லையப்பா. முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் மீன்கூடையோடு குப்பை கொட்டினவளுக்கு யாரைக் கிட்டே கண்டாலும் மூக்கு தானாக முன்னே போய்விடுகிறது. பாதிரியார் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோதுகூட ஒரு தரம் முகர்ந்திருக்கிறேன். அவர் அங்கியில் அந்துருண்டை வாடை. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் தலையில் தேங்காயெண்ணெய் கொஞ்சம் சிக்கு அடித்தது. பயப்படாதே, சிக்கு ஒன்றும் குற்றமில்லை. பழைய எண்ணெயை வீணாக்காமல் தேய்த்துக்கொள்கிற பெண் சிக்கனக்காரி. சீயக்காய் போட்டால் போய்விடும்.

ஆனால் நீ எனக்குச் செய்தது சீயக்காய்க்குப் போகிற சங்கதி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் பேசலாம் என்றால் நீ சிந்தாதிரிப்பேட்டையில் சிநேகிதனோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ராயபுரம் பக்கம் வந்தாலும் வாசலில் நின்றபடியே “நேரமாச்சிம்மா” என்கிறாய். கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரைக்கும் படித்ததை வைத்துக்கொண்டு எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். புள்ளி விட்டுப்போன இடத்தில் நீயே வைத்துக்கொள். உறையை ஒட்டப்போவதில்லை. வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு இனிமேல் மூடி வைக்க ஒன்றும் இல்லை.

வாடைக்கு எத்தனை வார்த்தை உண்டு என்று நான் உனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. என் மடியில் கிடந்து நீயே பொறுக்கிக்கொண்டாய். நேற்றுச் சோறு நூல் விட்டால் அது ஊசிப்போனது. அதே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் புளித்தது, அது சாப்பிடுகிற பண்டம். ரங்கூன் அரிசி கப்பலில் ஈரம் பட்டு வந்தால் மக்கல். வெயில் காட்டாத தலையணை முடை. ஒன்றுக்கு உள்ளதை எடுத்து இன்னொன்றுக்குச் சொன்னால் உனக்குப் பொறுக்காது. ஒரு நாள் உன் அப்பா மோரை வாயில் வைத்துவிட்டு “ஊசிப்போச்சிடா” என்றார். நீ பால் பல்லைக் காட்டிச் சிரித்தாய். “மோரு எங்கனா ஊசுமா நைனா? அது புளிக்கும்!” அந்த மனுஷர் அதை ஒரு வாரம் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கூடவே மூட்டை தூக்கினவர்கள் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் “இன்னா மாமு, மோரு எப்டி கீது?” என்று கேட்பார்கள்.

உன் அப்பாவுக்குத் துறைமுகத்துத் தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை. எனக்கு மீன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வாசலில் ஏறினால் தெரு நாய்க்கே எந்தப் பக்கம் போவதென்று புரியாது. ஆனால் அவர் ஒரு நாளும் என்னைப் பார்த்து “நாறுது” என்று சொன்னதில்லை. “இன்னாமே, இன்னிக்கு சுறாவா?” என்பார். “ஆமா, நீ மட்டும் இன்னா, சந்தனமா? ஆட்டுத்தோலு, அதுவும் உப்பு சரியா புடிக்காதது” என்பேன் நான். “உப்பு புடிச்சதுதாமே, மழைல நனஞ்சிட்ச்சி” என்பார். அப்படித்தான் அவர் பகல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், என் பகல் அவருக்குத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஆக்கியது ஊசிப்போயிருந்தால் ஊசிப்போச்சு என்று சொல், மக்கலாக இருந்தால் மக்கல் என்று சொல், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையாக “கெட்டது” என்று சொல்லாதே. அந்த வார்த்தையில் பொருளும் இல்லை, ஆளும் இல்லை, தூக்கி எறிகிற கை மட்டும்தான் இருக்கிறது.

இப்போது நம் வரிசைக்கு வருகிறேன். கல்மண்டபத்துப் பக்கம் மார்க்கெட்டில் நாங்கள் பெண்கள் கூடை இறக்குகிற அந்த வரிசையில் “நாத்தம்” என்ற பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அது வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்கிற வார்த்தை. நாங்கள் மீன் எங்கே போகவேண்டுமோ அந்த இடத்தைச் சொல்வோம். கண் பளபளப்பு, செவுள் சிவப்பு, கவுச்சியைத் தவிர வேறு வாடை இல்லையென்றால் வறுவலுக்கு. விரல் வைத்து அழுத்தின குழி மேலே எழும்பாவிட்டால் நொந்தது, அது குழம்புக்கு. புளியை ஒரு சுளை கூடப் போட்டால் யார் வயிற்றுக்கும் கெடுதல் இல்லை. மூட்டை தூக்குகிறவர் வீட்டில் முக்கால்வாசி நாள் அந்த மீன்தான். வீச்சம் எழும்பிவிட்டால் விற்கக்கூடாது, உப்புக்கு. அதையும் தாண்டினால் மரத்துக்கு, தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் போட்டுவிடுவோம். இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவரவர் கூடையை அவரவர் வாய்தான் சொல்லவேண்டும். பக்கத்துக்காரியும் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளையும் சொல்லக்கூடாது. மோட்டார் காரில் வந்து இறங்கின ஒரு வீட்டுச் சமையல்காரனிடம் பிலோமி சொன்னாளே, நீ பக்கத்தில்தான் இருந்தாய்: “வறுவலுக்கு இல்லப்பா, என்னுது கொழம்புக்கு. வறுக்கணும்னா வேற கூடைல கேட்டுப் பாரு.” அவன் போனான். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். வரிசை என்றால் அதுதான்.

பிலோமி யார் என்று இந்தக் கடிதத்தை வழியில் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். என் பக்கத்துக் கூடைக்காரி. உன் ஞானத்தாய். கோயிலில் உன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தபோது உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவள். கார்ப்பரேஷன் சுகாதார ஆபீஸில் உனக்கு வேலை கிடைத்த அன்று, “ஆபீஸுக்குப் போற கைல கவுச்சி வரக்கூடாது” என்று சொல்லி எலுமிச்சை மூடியால் உன் இரண்டு கையையும் தோல் சிவக்கத் தேய்த்தவள். நீ “வுடு பிலோமிம்மா, எரியுது” என்று கத்தினாய். அவள் வரிசை முழுவதும் கேட்கிறாற்போல், “இனிமே நம்ம கூடைல எவன் கை வைப்பான்? நம்ம புள்ள கீறான்ல!” என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இறைச்சி தொடாத நாள், வருஷத்தில் எங்களுக்கு நல்ல வியாபாரம் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். நீ உங்கள் இன்ஸ்பெக்டர் ஐயாவோடு வந்தாய். பின்னால் ஒருவன் கெட்ட மீன்மேல் ஊற்றுவதற்குப் பினாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐயா மூக்கில் வைத்த கைக்குட்டையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் நாலு அடி தள்ளி நின்று “இது எப்படிப்பா?” என்று உன்னைத்தான் கேட்டார். நீ குனியாமலே “கெட்டது சார்” என்றாய். டின் சாய்ந்தது. அடுத்தது. “கெட்டது சார்.” அதுவும் சாய்ந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ ஏதோ சாமர்த்தியமாக முதல் இரண்டைக் காவு கொடுத்து மற்றதைக் காப்பாற்றப்போகிறாய் என்றே நினைத்தேன். பிலோமி எழுந்து நின்றாள். “கண்ணு, நல்லா பாருடா. எண்ணூர் மொகத்துவாரத்துலர்ந்து விடிகாலைல தலைல தூக்கினு வந்த மடவைடா இது. கொழம்புக்குடா.” நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஏம்மா, தள்ளி நில்லு” என்றாய். பிலோமிம்மா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவளை, ஏம்மா என்றாய். பிறகு “கெட்டது சார்” என்றாய். மடவையின் மேல் பினாயில் பால் மாதிரி ஓடியது.

அப்புறம் என் கூடை. முந்தின நாள் கடலில் காற்று, நல்ல மீன் கரைக்கு வரவில்லை. என்னிடம் இருந்தது அதற்கும் முந்தின நாள் கானாங்கெளுத்தி. உப்பில் போடக் கொண்டுபோகிற வழியில் கூடையை வரிசையில் இறக்கி வைத்து ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். விற்க உட்காரவே இல்லை. வீச்சம் எனக்கே அடித்தது. நீ அதுவரை எந்தக் கூடைக்கும் குனியாதவன், என் கூடைக்குக் குனிந்தாய். ஒரு மீனை எடுத்தாய், செவுளைப் புரட்டினாய். செவுள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. “நல்லது சார். இன்னிக்கு வந்தது” என்றாய். ஐயா என்னைக் காட்டி, “இந்த அம்மாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று வரிசைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவர் சைவமாம். இல்லாவிட்டால் இரண்டு மீனை வாங்கிக்கொண்டு போயிருப்பார், உன் வேலை அன்று ராத்திரியே போயிருக்கும்.

அவர் தலை மறைந்ததும் ஜனங்கள் என்னை மொய்த்துக்கொண்டார்கள். பினாயில் படாத கூடை மார்க்கெட்டில் அது ஒன்றுதான். “சர்க்காரே பாத்து நல்லதுன்ட்டாங்க, குடும்மா குடும்மா” என்று ஆளுக்கு ஒரு கை. “உப்புக்கு” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ பொய்யன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பிள்ளையா, வரிசையா என்று நடுத்தெருவில் என்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டாய். நான் பிள்ளை என்று எடுத்தேன். கூடையைக் காலி செய்தேன். நிமிர்ந்து பார்த்தால் பிலோமி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயில் வெற்றிலைகூட இல்லை. மறுநாள் ஒரு வீட்டுக்காரி குழம்புச் சட்டியோடு வந்து, அதை என் முன்னால் வைத்து, “நீயே மோந்து பாரு” என்று சொல்லிவிட்டு நின்றாள். முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். நான் உனக்கு மாலை போடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. நான் கேட்டதும் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எல்லாத்தையும் நல்லதுன்னா, ஒன் ஜனம்னு வுட்டுட்டியான்னு கேப்பாரும்மா. எல்லாத்தையும் கெட்டதுன்னா ஒன்னுதும் பூடும். ஒன்னுத மட்டும் காப்பாத்தினேன்ல? அத்த நெனச்சிப் பாரு.” நான் கேட்டேன்: “பிலோமி கூடை இன்னாடா?” நீ யோசிக்கவே இல்லை. “கொழம்புக்கு” என்றாய். “என்னுது?” என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே “உப்புக்கு” என்றாய். தெரியாமல் சொல்லியிருந்தால் ஆபீஸ் பழக்கத்தில் மூக்கு மரத்துப்போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலு அடி தூரத்தில் நின்று, குனியாமல், ஒவ்வொரு கூடையும் எதற்கு ஆகும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு, அத்தனை பேரையும் ஒரே வார்த்தையால் மூடியிருக்கிறாய்.

இப்போது என் நிலைமை உனக்குத் தெரியாது, சொல்கிறேன். என்னை யாரும் திட்டவில்லை. திட்டினால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் நாலு சொல்லிச் சிரித்திருப்பேன். வரிசையில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். யாராவது மீனைக் கையில் எடுத்து யோசித்தால், “எங்களுது வேணாம்மா, அத்தோ சர்க்காரு மீனு கீது, அங்க போ” என்று என் பக்கம் கை காட்டுகிறார்கள். நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எழுந்துபோனாலும் என் கூடையை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. பிலோமி இடம் மாறிவிடவில்லை, அதுதான் கொடுமை. பக்கத்திலேயே இருக்கிறாள். முழங்கை தட்டுகிற தூரம். சும்மா இருக்கமாட்டாமல் ஒரு நாள் நான், “இன்னா பிலோமி, காது கேக்காத பூட்ச்சா? பூண்டெண்ண காய்ச்சி ஊத்தட்டா?” என்று சீண்டிப் பார்த்தேன். அவள் தன் மீன்மேல் தண்ணீர் தெளித்தாள்.

பாஸ்கா பண்டிகை முடிந்ததும் உன் கல்யாணம். நம் வரிசையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மறுநாள் விருந்துக்கு மீன் வரிசைதான் கொண்டு வரும் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் அன்றைக்குக் கரைக்கு வந்ததில் நல்லதாக ஒரு மீன், வறுவலுக்கு ஆன மீன், கூடையில் பூ வைத்துத் தூக்கி வருவார்கள். ஞானத்தாய்தான் முன்னால் வருவாள். அதைப் பற்றி உன்னிடம் கேட்டால், “வெலைக்கு வாங்கிக்கலாம்மா, அதுக்கு இன்னா” என்கிறாய். வாங்கலாம். சமைக்கலாம். சாப்பிடவும் சாப்பிடுவார்கள். ஆனால் பிலோமி வராத பந்தியில் நான் எந்த முகத்தோடு இலை போடுவேன்? உன்னை மாப்பிள்ளையாகப் பார்க்கவேண்டும் என்று என்னைவிட அதிகம் சொன்னவள் அவள். எனக்கு வேண்டியது இதுதான், வேறு ஒன்றும் இல்லை: அவள் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கு நீ மார்க்கெட்டுக்கு வரவேண்டும். ஆபீஸ் கோட்டோடு வந்தாலும் சரி. கட்டுப்பாட்டை உடைத்தவன் நீ, அதனால் நீயே வரிசைக்கு முன்னால் நின்று அவள் கூடையின் வார்த்தையை அவளிடம் சொல்லு. பிறகு என் கூடையின் வார்த்தையைச் சொல்லு. மன்னிப்பு எல்லாம் கேட்கத் தெரியாவிட்டால் விடு. இரண்டு வார்த்தை. கூடவே அவளைப் பிலோமிம்மா என்று கூப்பிடு.

இதோடு முடித்து நேற்றே மடித்து வைத்துவிட்டேன். தபாலில் போடுவதற்குள் மனது ஆறவில்லை. என்ன செய்தேன் என்றால், இன்று குருத்து ஞாயிறு அல்லவா, பூசை முடிந்து ஜனங்கள் கையில் குருத்தோலையோடு நேராக மார்க்கெட்டுக்குத்தான் வருவார்கள். எல்லார் காதிலும் விழட்டும் என்று அந்த நேரம் பார்த்து நான் எழுந்து நின்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது, உனக்குத் தெரியும். “எல்லாரும் கேளுங்க! அன்னிக்கி என் கூடை உப்புக்கு! வீச்சம் புடிச்ச மீனு! என் புள்ள நல்லதுன்னு பொய் சொன்னான், நான் வாய மூடிகினு வித்தேன்! பிலோமிது நல்ல மீனு, கொழம்புக்கு!” என்றேன். வரிசைக்காகச் சொன்னேன். வரிசைக்கு அது விளங்கும். வாங்க வந்தவர்களுக்கு “வீச்சம் புடிச்ச மீனு” என்கிற வரைக்கும்தான் விளங்கிற்று. முன்னால் நின்ற ஒரு கிழவர் கையிலிருந்த சங்கரா மீனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் குருத்தோலை எல்லாம் தண்டையார்பேட்டைப் பக்கம் போய்விட்டது.

வரிசை முழுவதும் என்மேல் பாய்ந்தது. இத்தனை நாளாகப் பேசாததற்கும் சேர்த்துப் பேசினார்கள். பிலோமி எழுந்தாள். “ஏம்மே, ஒனக்கு வாயி கெடச்ச நேரமாமே இது? ஞாயித்துக்கெழம, பூச வுட்ட நேரம்! இத்த நேத்து சொல்றதுக்கு இன்னா, வாய்ல கட்டியா?” என்று கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். வந்த வேகத்தில் கால் மீன் கழுவுகிற தொட்டியில் பட்டது. தொட்டி சாய்ந்து தண்ணீர் எங்கள் இரண்டு பேர் இடுப்புக்குக் கீழே முழுவதையும் நனைத்துவிட்டது. நேற்றிலிருந்து மாற்றாத தண்ணீர். அதற்கான வார்த்தையை நான் எழுதவில்லை, உனக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போனோம். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தன் சேலையைக் கசக்கி முடித்துவிட்டுச் சோப்பை என்னிடம் நீட்டினாள். புதுச் சோப்பு, அன்றுதான் பிரித்தது. என் கை வழுக்கி அது கிணற்றில் விழுந்துவிட்டது. நீ மார்க்கெட்டுக்கு வரும்போது அவளுக்கு ஒரு புதுச் சோப்பும் வாங்கிக்கொண்டு வா.